வெயிலுக்கு உருகாத கடல் கேக்: வீட்டுப் பட இரவுக்கு

வீட்டில் எல்லாரும் கூடியிருந்து கடல் படம் ஒன்று பார்க்கப் போகிறீர்கள், அதற்குப் பொருத்தமாக நீலக் கேக் ஒன்று வேண்டும் என்றால், பட்டர் ஐசிங்கை முதலிலேயே மறந்துவிடுங்கள். பட்டர் 32 பாகையில் இளகத் தொடங்கி 35க்குள் எண்ணெயாகிவிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் திருகோணமலைச் சமையலறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். நடுவில் கரண்டும் போனால் அலையெல்லாம் தட்டத்தில் வழிந்து கிடக்கும். ஜெலற்றினும் இந்தச் சூட்டுக்குத் தாங்காது.

நோன்பு காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சும் கடற்பாசிதான் (அகர் அகர்) இதற்குச் சரி. அது 40 பாகைக்குக் கீழே இறங்கும்போது உறையும். ஒருமுறை உறைந்தால் 85 பாகை வரை இளகாது. மிருகக் கொழுப்போ எலும்போ சேராத பொருள் என்பதால், முட்டையும் பட்டரும் சாப்பிடுகிற சைவக்காரருக்கும் கொடுக்கலாம்.

கேக்கைக் காலையிலேயே போடுங்கள். 8 அங்குலச் சதுரத் தட்டு, 3 அங்குல ஆழம். பட்டர் 150 கிராம், சீனி 150 கிராம், முட்டை 3, கோதுமை மா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காய்ப்பால் 3 மேசைக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து இருமுறை அரித்து வையுங்கள்.

நம் பக்கத்தில் கேக் கெடுவது பெரும்பாலும் பட்டரையும் சீனியையும் அடிக்கும்போதுதான். பட்டர் விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் அது காற்றைப் பிடிக்காது; எவ்வளவு அடித்தாலும் கேக் அடியில் எண்ணெய் ஊறி, களிபோல அமுங்கிப்போகும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடியுங்கள். வெளிறிப் பொங்கி வந்ததும் முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மா போட்டால் கூடிவிடும். பிறகு மாவையும் பாலையும் மாறி மாறி, கையோட்டமாக மட்டும் கலக்குங்கள்.

தட்டில் ஒயில் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டி விரியுங்கள், பிறகு தூக்கி எடுக்க உதவும். 170 பாகையில் 28 முதல் 32 நிமிடம். சின்ன மேசை அவணில் மேல் கம்பி கிட்ட இருப்பதால் உள்ளே வேக முன்னரே மேலே கறுக்கும். 20 நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். தட்டிலேயே முழுதாக ஆற விடுங்கள். ஆறியதும் மேல் தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்து, மேற்பரப்பை முள்ளுக்கரண்டியால் கீறிவிடுங்கள். வழவழப்பான தோலில் கடற்பாசி பிடிக்காது. வெட்டும்போது பலகைபோல வழுக்கிக்கொண்டு தனியே போய்விடும்.

நீலத்துக்கு வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூவே போதும். 25 பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு (விட்டால் புல் மணக்கும்) 120 மில்லிலீற்றர் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள், 100 மில்லிலீற்றர் கிடைக்கும். இந்தச் சாற்றில் தேசிக்காய் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் ஊதாவாகிவிடும். படம் விண்வெளி பற்றியது என்றால் வேண்டுமென்றே நாலு துளி விடுங்கள்.

தெளிந்த நீலத்தை மஞ்சள் கேக்கின்மேல் நேரே ஊற்றினால் கடல் வராது, பாசி பிடித்த குளம்தான் வரும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. ஆகவே இடையில் ஒரு வெள்ளைப் படை வேண்டும். அதன்மேல் விழும் நீலம் நிலாவெளிக் கரையோரத் தண்ணீரின் நிறத்துக்கு வரும். கேக்குக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெடிப்பை அடைப்பதும் அதே படைதான்.

கடற்பாசி இழை 7 கிராமைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டுப் பிழிந்து, 550 மில்லிலீற்றர் தண்ணீரில் மிதமான தீயில் காய்ச்சுங்கள். அகப்பையில் அள்ளிப் பார்த்தால் ஒரு நூல்கூடத் தெரியக் கூடாது. அதற்குப் பிறகே 80 கிராம் சீனி. முந்திப் போட்டால் சீனி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், இழை கரையாது. வடித்து அளந்தால் 450 மில்லிலீற்றர் இருக்க வேண்டும். குறைந்தால் கொதிநீர் சேருங்கள், கூடினால் இன்னும் கொஞ்சம் காய்ச்சுங்கள்.

இதில் 150 மில்லிலீற்றரை எடுத்து, சூடாக்கிய கட்டித் தேங்காய்ப்பால் 60 மில்லிலீற்றரும் உப்புச் சிட்டிகையும் கலக்குங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் பால் திரிந்து நெய் மேலே மிதக்கும். மிச்சம் 300 மில்லிலீற்றரைச் சுடுநீர்ச் சட்டியில் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் முறை வருமுன்னரே கட்டியாகிவிடும்.

வெள்ளைக் கலவையில் நாலைந்து கரண்டி எடுத்து ஓரம் முழுதும் விட்டு, இரண்டு நிமிடம் உறைய விடுங்கள். ஓரம் அடைபட்ட பிறகு மிச்சத்தைக் கரண்டியின் முதுகில் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். பாத்திரத்தைக் கையில் பிடிக்கக்கூடிய சூடு, ஏறக்குறைய 50 பாகை, சரியானது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கேக் உறிஞ்சிக்கொள்ளும், சில வேளை மிதந்து மேலேயும் வரும்.

நீலத்தை எப்போது ஊற்றுவது என்பதற்கு மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் படை ஆடை பிடித்திருக்க வேண்டும், ஆனால் விரலில் இலேசாக ஒட்ட வேண்டும். முழுக்க உறைந்துவிட்டால் முள்ளுக்கரண்டியால் கீறிவிட்டு ஊற்றுங்கள். பூச்சாற்றைச் சூடாக்கியே 300 மில்லிலீற்றருடன் கலக்க வேண்டும். ஆறிய சாறு பட்டால் கடற்பாசி துணுக்குத் துணுக்காக உறையும்.

அலங்காரத்துக்குத் திமிங்கில வால்கள். பெரிய திமிங்கிலம் ஒன்றை நடுவில் வைத்தால் தலை யாருக்கு, வால் யாருக்கு என்று படம் தொடங்க முன்னரே சண்டை வரும். கஜு 100 கிராமை நைசாக அரைத்து, ஐசிங் சீனி 100 கிராம் கலந்து, பன்னீரைத் துளித்துளியாக விட்டுப் பிசையுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாது. நீலக் கலரும் கொக்கோவும் சிட்டிகை சேர்த்தால் சாம்பல் நீலம். கஜுவை அரைக்கும்போது விட்டுவிட்டு அரைக்காவிட்டால் எண்ணெய் கக்கிவிடும். 10 கிராம் உருண்டைகளாக 16 எடுத்து, கீழே தண்டும் மேலே இரு பக்கமும் விரிந்த துடுப்பும் நடுவில் வெட்டுமாகச் செய்யுங்கள். மீன் வாலைப்போல் நிமிர்ந்ததாக அன்றி, திமிங்கிலத்தின் வால் கிடையாக விரிந்தது. கடலில் நீலத்திமிங்கிலம் மூழ்குவதைப் பார்த்த பிள்ளை உடனே பிழை பிடிக்கும். 2 மணி நேரம் காற்றில் உலர விடுங்கள். வாடைக் காலத்தில் மாலையில் செய்தால் உலராது.

கேக்கைத் தாளோடு தூக்கி எடுத்து, மெல்லிய கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து, அறுக்காமல் நேரே கீழே அழுத்தி 16 துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் சின்னக் கீறல் போட்டு வாலின் தண்டைச் செருகுங்கள். கடற்பாசி அந்த இடத்தில் கொஞ்சம் வெடிக்கும். உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுற்றித் தூவினால் வெடிப்பும் மறையும், நுரையும் ஆகும். இருட்டில் கரண்டி தேட வேண்டாமென்றால் கடதாசிக் கோப்பையில் ஒவ்வொரு துண்டாக வைத்துக் கொடுக்கலாம்.

தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் இந்தச் சூட்டில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. இடைவேளை வரை குளிர்சாதனப் பெட்டியில் மூடி வையுங்கள். உறைபெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், இளகும்போது கடற்பாசி தண்ணீர் விட்டுப் பஞ்சாகிவிடும்.