கதை கேட்கிற பிள்ளையிடம் கேள்வித்தாள் நீட்டாதீர்கள்

ஜூன், ஜூலையில் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை வலுத்தால் கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடுவார். எஸ்டேட் லைன் வீட்டுக்குள் பிள்ளைகள் முடங்கிக் கிடக்கிற அந்த நாட்களில்தான் கதைப் புத்தகத்துக்கு வேலை. அதைப் பெரும்பாலும் கெடுப்பது பெரியவர்களான நாம்தான்.

கதை முடிந்த கையோடு, "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்பதுதான் பெரிய தவறு. தாயைத் தொலைத்த குட்டி யானையின் கதை என்று வையுங்கள். பந்தலூர்ப் பிள்ளைக்கு யானை, படத்தில் மட்டும் வருகிற பிராணி அல்ல. ராத்திரி வீட்டுப் பின்னால் வாழையை முறிக்கிற சத்தம். அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளை படத்தைக் கையால் மூடினால், "இதுக்குப் போய் பயமா?" என்று சிரிக்காதீர்கள். பக்கத்தைத் திருப்பவும் அவசரப்படாதீர்கள். கொஞ்சம் சும்மா இருந்தால், "அன்னிக்கு வந்துச்சே, நான் கட்டிலுக்கு அடியில போயிட்டேன்" என்று தானாகவே சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் சரி. மறுநாள் அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், முகம் சுளிக்காமல் மறுபடி படியுங்கள். நீதியை நம்மைவிட மெதுவாக, தன் போக்கில் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

கதையைக் கஷாயம் போலப் புகட்டுவதும் இதே வகைதான். பாட்டி இறந்த மறுநாளே சாவைப் பற்றிய கதையைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். அப்போது தேவை, பக்கத்தில் ஒரு ஆள், "பாட்டி எங்கே?" என்று கேட்டால் "தூங்கப் போயிருக்காங்க" என்று மழுப்பாத பதில்.

அப்புறம், மொழி. கோத்தகிரிப் பக்கம் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிற பிள்ளைக்குத் தமிழே பள்ளியில்தான் பழகும். தமிழ்க் கதையை அம்மா படுகில் சொல்வதை, "தமிழ் கெட்டுவிடும்" என்று தடுக்கிறவர்கள் உண்டு. ஒன்றும் கெடாது. கதையை முதலில் வீட்டுப் பேச்சில் கேட்ட பிள்ளை, பிறகு அதையே தமிழில் படிக்கும்போது பாதி வழி வந்துவிட்டிருக்கும்.

வகுப்பைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பது இன்னொரு தவறு. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பது, பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்துக் கொடுக்கத்தான். ஐந்தாம் வகுப்பு என்பதற்காக 'பற'வை நீட்டினால், தடுக்கி விழுந்து மூடி வைத்துவிடும். 'நுழை'யில் தொடங்குவதில் அவமானம் இல்லை. தடுமாறுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன், கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதைத் தவறவிடுகிறோம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. மலையில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டவுனுக்கு வரும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் ஊஞ்சல் (4, 5 வகுப்பு), தேன்சிட்டு (6 முதல் 9 வரை) இதழ்களை வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். புதுசு கசங்கக் கூடாது என்று பீரோவில் பூட்டினால், இந்த ஈரத்தில் பூஞ்சைதான் படிக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் புத்தகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவது. படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் நின்றுபோய் மறுபடி திரும்பி வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளி என்றாலே வயிறு வலிக்கிறது, இதெல்லாம் வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "சொன்ன பேச்சு கேக்கலைன்னா 1098-க்குப் போன் போடுவேன்" என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டாதீர்கள். அந்த எண்ணைப் பிள்ளைகளே கட்டணமில்லாமல் அழைக்கலாம். நாம் பயமுறுத்தி வைத்தால் தேவைப்படும்போது கூப்பிட மாட்டார்கள்.