பியூர் என்று எழுதும் முன் டிஸ்ட்ரக்டரைப் பாருங்கள்

பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு ஆபீஸில் இருந்தபோது, டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பில்ட்) ஒழுங்காக வந்த லாக் வரிகளில் பாதி, ரிலீஸ் பில்டில் (வெளியிடுவதற்கான, ஆப்டிமைஸ் செய்த பில்ட்) வரவே இல்லை. இரண்டு நாள் தேடினோம். பக்கத்து சீட்டில் இருந்த மதுரைக்காரர்தான் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்த மூடுற பிராக்கெட்டைப் பாரு" என்றார். அவர் காட்டியதை நீங்களே செய்து பார்க்கலாம், ஜிசிசி (GCC) கம்பைலர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு சி பிளஸ் பிளஸ் ஃபைலில், கொடுத்த எண்ணின் வர்க்கத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதி, அதற்குள் "வந்தேன்" என்று பிரிண்ட் செய்ய ஒரு வரி போடுங்கள். மெயின் வேறு ஃபைலில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பைலர் ஃபங்ஷனை இன்லைன் செய்து, அதாவது அதன் கோடை அழைக்கும் இடத்திலேயே பதித்து, சோதனையைக் கெடுத்துவிடலாம். மெயினுக்கு மேலே அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் வரியில் பியூர் (pure) அட்ரிபியூட்டை, அதாவது கம்பைலருக்கு நாம் தரும் ஒரு குறிப்பை, சேர்த்து, 5 கொடுத்து மூன்று முறை அழைத்து, கூட்டிக் காட்டுங்கள்.

-ஓ0 (-O0, ஆப்டிமைசேஷன் இல்லாமல்) வைத்து கம்பைல் செய்தால் மூன்று "வந்தேன்". -ஓ2 (-O2, ஆப்டிமைசேஷனுடன்) வைத்தால் ஒன்றுதான். விடை இரண்டிலும் 75. விடையைப் பயன்படுத்தாமல் விட்டால் -ஓ2வில் அந்த ஒன்றும் போய்விடும்.

ஏனென்றால் பியூர் என்பது, விடை தருவதைத் தவிர வெளியே எதையும் மாற்ற மாட்டேன் என்று நாம் கொடுக்கும் வாக்கு. ஜிசிசி அதைச் சரிபார்ப்பதில்லை, அப்படியே நம்பி, ஒரே மாதிரி அழைப்புகளை ஒன்றாக்கிவிடும்.

இப்போது பிரிண்ட் வரியை நீக்கிவிட்டு, டிஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) "முடிந்தது" என்று எழுதும் டைமர் கிளாஸ் ஒன்றைச் செய்து, அதன் ஆப்ஜெக்டை ஃபங்ஷனின் முதல் வரியில் வையுங்கள். ஃபங்ஷனைப் படித்தால் பிரிண்ட் எங்கேயும் தெரியாது, ஆனால் மூடும் பிராக்கெட்டில் டிஸ்ட்ரக்டர் ஓடும், அதனால் வாக்கு அங்கேதான் உடைகிறது. எங்களுக்கு நடந்ததும் அச்சு அசலாக இதுதான்.

எல்லா டிஸ்ட்ரக்டருக்கும் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு ஸ்ட்ரிங்கோ வெக்டரோ இருந்தால் அது தன் மெமரியை விடுவிக்கும், அவ்வளவுதான், வெளியே எதுவும் மாறாது. லாக், ஃபைல், குளோபல் கவுண்டர் இதையெல்லாம் தொடும் டிஸ்ட்ரக்டர்தான் ஆபத்து.

டி (D) என்ற புரோகிராமிங் மொழி இதில் கறார், எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்: பியூர் ஃபங்ஷனுக்குள் பியூர் இல்லாத டிஸ்ட்ரக்டர் உள்ள ஆப்ஜெக்டை வைத்தால் கம்பைலே ஆகாது.

நாங்கள் கடைசியில் டைமரை ஃபங்ஷனுக்குள்ளிருந்து எடுத்து, ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் வைத்தோம். அப்புறம் இரண்டு பில்டிலும் வரிகள் ஒன்றாக வந்தன.