ஆபீஸ் பெட்டியில் கேமிங்: 25 ஆயிரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டிதான் எல்லார் கண்ணிலும் வருகிறது. பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பையன்கள் யோசனை கேட்க வரும்போதும் போனில் அந்தப் படத்தைத்தான் நீட்டுகிறார்கள். கையில் இருப்பதோ 25,000 ரூபாய். அந்தக் காசில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் விளக்கு எரியும், கேம் ஓடாது.

இந்தக் காசுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஏதோ ஒரு ஆபீஸில் ஓடி முடித்து வெளியே வந்த டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, அதில் கேமின் படத்தை வரைந்து காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போடுங்கள். 2025 கடைசியில் ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) விலை எகிறிய பிறகு இந்த வழி இன்னும் லாபம், ஏனென்றால் பழைய பெட்டியோடு ரேமும் சேர்ந்தே வந்துவிடும். கையிலிருக்கும் தொகையில் பாதி பெட்டிக்கு, மூன்றில் ஒரு பங்கு கார்டுக்கு, மிச்சம் கேமையும் ஃபைலையும் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் இந்தக் கணக்கில் இல்லை. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரியான கேம்கள் 1080பி-யில் (முழு எச்டி) படத்தர செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாகவே ஓடும். இந்த வருஷம் வந்த பெரிய கேம் எல்லாவற்றையும் உச்சப் படத்தரமான 'அல்ட்ரா'வில் ஆடியே தீருவேன் என்பவர்கள் இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்ப்பது நல்லது.

முதலில் பெட்டி

தேட வேண்டிய பெயர்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 5060 அல்லது 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720டி. ஒரே மாடல் பெயரிலேயே பல அளவுகள் இருக்கும் என்பதால் அளவைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். நமக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டி, அதாவது டவர். கையளவு மைக்ரோ பெட்டியில் கார்டு நுழையவே நுழையாது. எஸ்எஃப்எஃப் என்கிற ஒல்லிப் பெட்டியில் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் போகும். அதைத் தேடிப் பிடிப்பதும் பாடு, விலையும் கூட.

அடுத்தது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர். பாலக்காட்டுக் கடையில் "சேட்டா, ப்ராசஸர் ஏதா?" (அண்ணா, ப்ராசஸர் எது?) என்று கேட்டால் "ஐ5 ஆணு" (ஐ5 தான்) என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். 2013-ல் வந்த ஐ5-4570-ம் ஐ5 தான், 2018-ல் வந்த ஐ5-8500-ம் ஐ5 தான். கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை. ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்; ஐ5-7500 வரை நான்கு கோர், 8500-ல் ஆறு. இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஆடவும் டிபிஎம் 2.0, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். அதனால் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். "ஏழாவதும் நல்லா ஓடும் தம்பி" என்று யாராவது சொன்னால் அவர் ஸ்டாக்கைக் காலி பண்ணப் பார்க்கிறார்.

எங்கே வாங்குவது? நமக்கு கோயம்புத்தூர்தான் கிட்டே. கம்பெனிகள் மொத்தமாகக் கழித்த பெட்டிகளை ரீஃபர்பிஷ்ட் என்று விற்கும் கடைகள் காந்திபுரம் பக்கம் இருக்கின்றன. எர்ணாகுளம் போகிற வேலை இருந்தால் பெண்டா மேனகாவிலும் விசாரிக்கலாம். எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் தனியாக வரி கட்ட வேண்டுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. பில்லை மட்டும் கையில் வையுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வாரண்டி. பெட்டி படுத்துவிட்டால் உக்கடத்துக்கு பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். ஆறு மாதமாவது எழுதிக் கொடுக்கிற கடையில், ஆயிரம் ரூபாய் அதிகமானாலும், வாங்குங்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

இந்த இடத்தில் அவசரம் கூடாது. முதலில் பக்கத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த டவர்களில் பெரும்பாலும் ஒரு கொக்கியை இழுத்தாலே மூடி வந்துவிடும். திறக்க மாட்டேன் என்கிற கடையில் வேலை இல்லை.

உள்ளே எல்லாப் பாகமும் இணைந்திருக்கும் பெரிய பலகைதான் மதர்போர்டு; அதில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகள்தான் கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளுங்கள். 240, 260 என்று இருக்கும். ரேம் எத்தனை குச்சி என்று எண்ணுங்கள். 8 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 4 ஜிபி இரண்டாக இருந்தால் வேகம். ஆனால் பின்னால் 16 ஆக்க நினைப்பவர்களுக்கு ஒரே 8 ஜிபி குச்சிதான் வசதி, இன்னொன்று வாங்கிப் போட்டால் முடிந்தது.

பிறகு ஆன் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியே வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, எடுப்பது பெரும்பாடு. தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றிவிடலாம். டிபிஎம் என்ற வரி அங்கே இருக்கிறதா, 2.0 தானா என்பதையும் பாருங்கள்.

கார்டு: 75 வாட் என்ற கோடு

ஆபீஸ் பெட்டியின் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. கார்டு செருகும் ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். அதற்குள் அடங்கும் கார்டைத்தான் நாம் தேட வேண்டும்.

என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. 2019-ல் வந்தது, 75 வாட். இதிலும் சில மாடல்களில் மேலே ஆறு பின் சாக்கெட் வைத்திருப்பார்கள். அது நமக்கு ஆகாது. படத்தைப் பெரிதாக்கிக் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காசு கொஞ்சம் கூட்ட முடியுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல் இன்னும் நல்லது. அது 70 வாட்தான், ஆனால் 8 ஜிபி மாடல் வேறு ரகம், அதற்குத் தனி வயர் வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைக்கும். 2016-ல் வந்த அந்தக் கார்டுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை, அதைத் தயாரித்த என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதி விலைக்கு வந்தால் யோசிக்கலாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும், 53 வாட். ஆனால் அது ஸ்லாட்டில் தகவல் போகும் பதினாறு பாதைகளில் நான்கை மட்டும் பயன்படுத்துகிறது. நம் பெட்டியில் இருப்பதோ பிசிஐஇ 3.0 என்கிற பழைய தலைமுறை ஸ்லாட். அதனால் அதன் முழு வேகம் இங்கே கிடைக்காது.

ஏஎம்டியின் பழைய கார்டான ஆர்எக்ஸ் 580 பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அது 185 வாட். 260 வாட் பெட்டியில் வைக்கிற சாமான் இல்லை அது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து கார்டின் எட்டு பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் நூறு இருநூறுக்குக் கிடைக்கிறதே என்பார்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால், நேரில் போய், அவர்கள் மெஷினில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை (கார்டின் பயாஸ்) மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிற கில்லாடிகள் உண்டு. என்விடியா பெயரில் வரும் அந்த மாதிரி போலிகளை ஜிபியு-இசட் 'ஃபேக்' என்று எழுதியே காட்டிக்கொடுத்துவிடும்.

மாட்டுவது

வேலை பத்து நிமிஷம்தான். முதல் தடவை என்றால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

சுவிட்சை அணைத்தால் போதாது, பவர் வயரையே பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியை மேஜைமேல் படுக்கவைத்து, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். பாலிஸ்டர் சட்டை வேண்டாம், கம்பளி விரிப்பு மேல் வேண்டாம்.

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் ப்ராசஸருக்குக் கிட்டே இருப்பதுதான் நமக்கு. அதற்கு நேரே பின்பக்கம் இருக்கும் தகரத் தகடுகளை எடுங்கள். கார்டு தடிமனாக இருந்தால் இரண்டு தகடு. ஸ்லாட்டின் முனையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதைத் திறந்து வையுங்கள். கார்டை விளிம்பில் பிடித்து, தங்க நிறப் பற்களைத் தொடாமல், ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்துங்கள். 'டக்' என்று கொக்கி தானாக மூடும். சத்தம் வரவில்லையா? பெரும்பாலும் பின்பக்கத் தகட்டின் கீழ்நுனி மதர்போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் இறங்காமல் தட்டிக்கொண்டு நிற்கும். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். பற்கள் முழுக்க மறைந்து, மேல் விளிம்பு மதர்போர்டுக்கு இணையாக நின்றால் சரி. பின்பக்க ஸ்க்ரூவை முடுக்கி, அல்லது பூட்டுத் தகட்டை மூடி முடியுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டின் பழைய போர்ட்டில் அல்ல. "கார்டு போட்டும் கேம் இழுக்குது" என்று வருகிற போன்களில் பாதி இதற்குத்தான்.

ரேம் சேர்ப்பதானால் ஒரே நிறக் காது உள்ள இரண்டு ஸ்லாட்டிலும் போடுங்கள். இந்தப் பெட்டிகளுக்கான டிடிஆர்4 ரக ரேமில் 3200 வேகம் உள்ளதை வாங்கினாலும் ஐ5-8500-ல் 2666-ல்தான் ஓடும், அதனால் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எஸ்எஸ்டிக்கு 8-ஆம் தலைமுறைப் பெட்டிகளில் பொதுவாக எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருக்கும், இல்லாவிட்டால் வயரில் இணையும் சாட்டா எஸ்எஸ்டியே போதும். 500 ஜிபி அளவாவது பாருங்கள், ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும்.

விண்டோஸுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். இந்த ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் விண்டோஸ் கீ (உரிம எண்) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக விண்டோஸ் 11-ஐ ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால் செய்தால் நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பிறகு என்விடியா தளத்திலிருந்து டிரைவர்.

சூடு, தூசி, இடி

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தை மாதம் முழுக்கப் புழுதியை வாரிக் கொண்டுவரும். பின்னாலேயே மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், மேஜையின் மூடிய அறைக்குள்ளும் தள்ளாதீர்கள். பழைய பெட்டி என்பதால் ப்ராசஸர் மேல் இருக்கும், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கூலரைக் கழற்றி, துடைத்துவிட்டு, பயறளவு புதிதாக வையுங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். ப்ராசஸர் 85 டிகிரியைத் தாண்டினால் ஃபேனிலும் கூலரிலும் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியின் இரும்பில் கை வைத்தால் சுருக்கென்கிறதா? வீட்டில் எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் போட்டு ஓட்டுகிறவர்கள் அதை முதலில் எடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். இந்த மெஷின் முழு வேகத்தில் ஆடினாலும் 200 வாட்டுக்குள்தான் எடுக்கும், ஆகவே மானிட்டரையும் சேர்த்து ஒரு 600 விஏ யூபிஎஸ் தாங்கும். கரண்ட் போனதும் சேவ் செய்து அணைப்பதற்குத்தான் அது. அதை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். யூபிஎஸ் இருக்கிறதே என்று நம்பி உட்கார வேண்டாம். வானம் கறுத்ததுமே, தலைக்கு மேல் இடி வருவதற்கு முன்பே, பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளையும், நெட் மோடத்தின் அடாப்டரையும் கூடவே பிடுங்குங்கள்.