அதிர்வு சென்சார் பூட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் இரண்டு பொடியன்கள் புளோவர் மோட்டருக்கு அதிர்வு சென்சார் பூட்டிக்கொண்டிருந்தார்கள். லாப்டொப்பை எட்டிப் பார்த்தேன். 10 மில்லிசெக்கனுக்கு ஒரு வாசிப்பு, அதாவது செக்கனுக்கு 100. சில வருடங்களுக்கு முன் நான் புரோகிராமில் எழுதிய அதே வரி. வயரை மாறிக் கொடுப்பது, பேட்டரி இறங்குவது எல்லாம் ஒருதடவை பட்டால் தானாக விளங்கும், அவற்றை விடுகிறேன்.

மெதுவாக வாசிப்பது

"டேட்டா குறையும் அண்ணன், மெமரியும் மிஞ்சும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்போது நான் பார்த்த ஆலையில் புளோவர் மோட்டரும் பொலிஷரும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தன. அதிர்வு கிராஃபில் 14 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 14 தடவை என்ற இடத்தில், ஒரு முனை நாளுக்கு நாள் உயர்ந்தது. அரிசி தீட்டும் பொலிஷரின் தண்டு நிமிடத்துக்கு 840 சுற்று, 60ஆல் பிரித்தால் சரியாக 14. தண்டு பலன்ஸ் தப்பிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். முதலாளி என்னை நம்பி ஆலையை நிறுத்தி, தண்டைக் கழற்றிக் கடைச்சல் பட்டறைக்கு அனுப்பி, திரும்பப் பூட்டியும் அந்த முனை அசையவில்லை. ஒன்பதாம் நாள் புளோவர் மோட்டரின் பேரிங் இறுகி, கொயிலும் எரிந்தது. பெரும்போக அறுவடை நேரம், முற்றம் நிறைய அவித்த நெல். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வரும்.

கணக்கு இதுதான். மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது 24 ஹேர்ட்ஸ். உள்ளே 6205 பேரிங், 9 குண்டு. வெளி வளையத்தில் பள்ளம் விழுந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.58 தடவை தட்டும், அது 86 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 100 தடவை மட்டும் வாசித்தால் அதில் பாதி, 50க்கு மேலே உள்ளதெல்லாம் மடிந்து கீழே விழும்; 100இல் 86 போக மிச்சம் 14, அதனால் 86 வந்து 14 ஆக உட்காரும். அப்புறம் புரோகிராமில் எத்தனை வடிகட்டி போட்டாலும் எது உண்மையான 14, எது மடிந்து வந்த 14 என்று பிரிக்கவே ஏலாது.

மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நேரத்தில் பிடியுங்கள். ஏடிஎக்ஸ்எல்345 போன்ற மலிவான சென்சாரே செக்கனுக்கு 3200 வாசிப்புத் தரும். ஆனால் சென்சாரை போர்டோடு இணைக்கும் இரண்டு முறைகளில் ஐ2சி வயரிங்கில் 800க்கு மேல் நம்ப முடியாது, வேகமான எஸ்பிஐயில் பூட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதடவை ஒரே ஒரு செக்கன் முழு வேகத்தில் வாசித்து, போர்டிலேயே எப்எப்டி (அதிர்வை ஹேர்ட்ஸ் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு, தேவையான நாலைந்து எண்களை மட்டும் அனுப்பினால் போதும். பேட்டரியும் தாங்கும்.

தகர மூடியில் ஒட்டுவது

தகரம் தன் பாட்டுக்கு ஆடும். பேரிங் இருக்கிற வார்ப்பு உடம்பில், பெயின்டைச் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

கையால் அழுத்திப் பிடிப்பது

வேண்டாம்.

நல்ல நாளில் வாசிக்காமல் விடுவது

பழுது வந்த பிறகு எடுக்கும் வாசிப்பை எதோடு ஒப்பிடுவீர்கள்? அன்றைக்கே பொடியன்களோடு இருந்து வேகத்தை 3200 ஆக்கி, நெல் ஓடும்போது ஒன்றும் வெறுமனே ஓடும்போது ஒன்றும் எடுத்தோம். 24இல் சின்ன முனை, 86இல் ஒன்றுமில்லை. இரண்டையும் திகதி போட்டுச் சேமித்து வைக்கச் சொன்னேன்.