தொல்மண்ணைப் படிப்பது எப்படி: வேர்த்தடம் முதல் மலை உயரம் வரை

பாறைச் சரிவில் சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் தொல்மண் (ஒரு காலத்தில் தரையாக இருந்து பின் புதைந்துபோன மண்) என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். நான் முதலில் தேடுவது வேர்த்தடத்தை. மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்து கிளை பிரியும். பல சமயம் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வெளிறியிருக்கும். பூச்சி வளை அப்படி மெலியாது. வேர் இருந்தால் அது செடி நின்ற தரை.

வெயிலும் மழையும் பட்டு உதிர்ந்த மேல்தோலில் எதுவும் தெரியாது. முழங்கை ஆழமாவது வெட்டிப் புதுமுகம் எடுங்கள். மண்கட்டிகளின் பக்கங்களில் வளைந்து மினுங்கும் உரசல் பரப்புகள் தென்பட்டால், ஈரத்தில் உப்பி, காய்ந்தபோது வெடித்த களிமண் அது: மழையும் வறட்சியும் மாறி மாறி வந்த இடம்.

இனி சுக்கான் கல், மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டு உருவாகும் கட்டி. எனக்கு உயிரே இதில்தான். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். மழை குறைந்த, வறண்ட பருவமுள்ள மண்ணில் விளைவது. பொதுவாக மழை கூடக் கூட ஆழத்தில் இறங்கும். மேல்மண் அரித்துப் போயிருந்தால் இந்தக் கணக்கு தவறும். மண்ணின் மேல்மட்டத்திலிருந்து 50 செ.மீ.க்குக் கீழே உள்ளதையே எடுங்கள். அதற்கு மேலே வெளிக்காற்றின் கார்பன் கலந்துவிடும்.

முதல் களப்பயணத்தில் ஒரு பை நிறையக் கற்களை மணற்பாறையின் அடியிலிருந்து பொறுக்கினேன். உருண்டு, வழவழப்பாக, அழகாக இருந்தன. ஆய்வக எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. பழைய ஆறு பல மண்களிலிருந்து அரித்து வந்து கொட்டியவை அவை! அன்றிலிருந்து களிமண்ணுக்குள் பதிந்து நிற்கும் கல்லைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அறுத்துப் பார்க்கும்போது பெரிய படிகங்கள் மின்னினாலும் ஒதுக்கிவிடுவேன், புதைந்தபின் மாறியிருக்கக்கூடும்.

ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு. சுக்கான் கல்லில் உள்ள கார்பன் ஐசோடோப்பு, அந்த மண்ணில் நின்ற தாவரத்தைச் சொல்லும். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில், இன்றைய பாகிஸ்தான் பகுதியில், புவியியலாளர்கள் ஜே குவேட், தூர் செர்லிங் குழுவினர் 1989-ல் காட்டியது இதைத்தான்: சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மரங்களின் சாயல் மறைந்து வெப்பமண்டலப் புற்களின் சாயல் ஏறுகிறது. பருவமழை வலுத்ததாலா, காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாலா என்று பின்னர் நீண்ட வாதம் நடந்தது.

மலையின் பழைய உயரத்தை அறிய அதே கல்லின் ஆக்சிஜன் உதவும். மேகம் மலையேறும்போது கனமான ஆக்சிஜன்-18 முதலில் மழையாய் இறங்கிவிடும். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் மழைநீரின் ஆக்சிஜன்-18 மதிப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 குறையும். ஆனால் மண்நீர் ஆவியானால் மதிப்பு கூடி, மலை தாழ்ந்ததாகத் தோன்றும். கல் உருவான வெப்பமும் தெரிய வேண்டும். அதற்குத்தான் கார்பன்-13, ஆக்சிஜன்-18 இரண்டும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருக்கும் அளவைப் பார்க்கும் இணை ஐசோடோப்பு முறை. அது தருவது பல இடங்களில் வெப்பப் பருவத்தின் அளவு. ஆண்டுச் சராசரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே வயதுள்ள தாழ்நிலத் தொல்மண்ணிலிருந்தும் கற்கள் எடுத்து வாருங்கள். இரண்டு இடத்திலும் மதிப்பு சேர்ந்தே இறங்கியிருந்தால் மாறியது காலநிலை. மேட்டில் மட்டும் இறங்கியிருந்தால் உயரத்தைக் கணக்கிட உட்காரலாம்.