மஸ்கட் பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

மஸ்கட்டுக்குப் போய்வந்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். பெரிய பள்ளிவாசல் மூடியிருந்தது, சந்தையில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன, அரண்மனைக்குள் விடவில்லை. அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் பழி ஊரைச் சேராது. ஓமானின் தலைநகரம் தனக்கென்று ஒரு நேரக் கணக்கு வைத்திருக்கிறது. காலையில் சீக்கிரம் தொடங்கி, நண்பகலில் கதவைச் சாத்தி, மாலையில் மறுபடி திறக்கும் ஊர் இது. அந்தக் கணக்கு தெரியாமல் போனால் மூன்று நாள் தங்கினாலும் வெறும் வெயிலைத்தான் பார்க்க முடியும். தெரிந்துகொண்டு போனால், வளைகுடாத் தலைநகரங்களில் இவ்வளவு நிதானமும் அழகும் கூடிய ஊர் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பட்டியலில் உள்ள தவறுகள் எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால் எளிதில் தவிர்க்கக்கூடியவை.

பள்ளிவாசலுக்குத் தாமதமாகப் போவது

சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் 2001இல் திறக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதவர்கள் இதைப் பார்க்கச் சனி முதல் வியாழன் வரை, காலை 8 மணி முதல் 11 மணி வரை மட்டுமே அனுமதி. வெள்ளிக்கிழமை கிடையாது. விடுதியில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு வந்து இறங்கி, வாசலில் உடை சரியில்லை என்று நிறுத்தப்பட்டு, அதைச் சரிசெய்வதற்குள் நேரம் முடிந்து திரும்புகிறவர்கள் ஏராளம்.

உடை விதியில் அங்கே சலுகை இல்லை. பெண்கள் தலைமுடியை முழுக்க மறைக்க வேண்டும். கை மணிக்கட்டு வரையும் கால் கணுக்கால் வரையும் மூடியிருக்க வேண்டும். புடவை கட்டியிருந்தால் இடுப்பும் கையும் தெரியும் என்பதால் அது போதாது. நீளக் கை வைத்த சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் இருந்தால் சிக்கலே இல்லை. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை வேண்டும். அரைக்கால் சட்டையோ கையில்லாத பனியனோ கூடாது. வாசலருகே அபாயா என்ற நீள அங்கி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வரிசையில் நிற்கும் நேரம் உங்கள் மூன்று மணி நேரத்திலிருந்துதான் கழியும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதன்மைத் தொழுகைக் கூடத்துக்குள் விடுவதில்லை என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். குழந்தையோடு வருகிற தம்பதி ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடியும்.

உள்ளே போனவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். கூடத்தின் நடுவே தொங்கும் விளக்கைப் படமெடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மனியில் செய்யப்பட்ட 14 மீட்டர் உயரச் சரவிளக்கு அது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் காலடியில் கிடப்பதைக் குனிந்து பாருங்கள். ஈரானிய நெசவாளர்கள் 600 பேர் நான்கு ஆண்டுகள் கையால் முடிச்சிட்ட ஒரே கம்பளம் அது. சுமார் 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 21 டன் எடை, 170 கோடி முடிச்சுகள். அதன் மேல் விரித்திருக்கும் நடைபாதையைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. வெளியே வந்ததும் தொழுகைக் கூடத்தின் இருபுறமும் நீளும் வளைவுத் தாழ்வாரங்களில் நடந்து பாருங்கள். இஸ்லாமிய உலகின் வெவ்வேறு பகுதிகளின் ஓடு வேலைப்பாடுகளும் வடிவங்களும் அங்கே மாடம் மாடமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் எட்டிப்பார்க்காத பகுதி அது. எனக்கு அந்தத் தாழ்வாரங்கள்தான் பள்ளிவாசலின் சிறந்த பகுதி. வளாகத்திலுள்ள இஸ்லாமியத் தகவல் மையத்தில் காஹ்வா என்ற ஓமானியக் காப்பியும் பேரீச்சையும் தந்து, கேட்கிற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். இத்தனைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரமாவது வேண்டும். எனவே 8 மணிக்கே வாசலில் இருப்பது நல்லது.

வெள்ளிக்கிழமையைக் கணக்கில் எடுக்காதது

ஓமானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இந்தியாவிலிருந்து வியாழன் இரவு கிளம்பி வாரக் கடைசிப் பயணமாக வருகிறவர்களின் முதல் நாளே வெள்ளியில் விழுகிறது. அன்று பள்ளிவாசல் இல்லை, மத்ரா சந்தை மாலையில்தான் உயிர்பெறும், பைத் அல் சுபைர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. விடுதி அறையில் அமர்ந்து நொந்துகொள்வதற்குப் பதிலாக அன்று அதிகாலையிலேயே உள்நாட்டு நகரமான நிஸ்வாவுக்குக் கிளம்பிவிடலாம். 160 கிலோமீட்டர் தொலைவு, நல்ல நெடுஞ்சாலை. நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை காலையில்தான் கூடும். வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி விலையைக் கூவிக்கொண்டே சுற்றி வருவார்கள். வெயில் ஏறும் முன்பே கலைந்துவிடும் சந்தை என்பதால் 7 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். அருகிலுள்ள நிஸ்வா கோட்டையின் பெரிய வட்டக் கோபுரத்தைக் கட்டியவர் இமாம் சுல்தான் பின் சைஃப். 1650இல் போர்த்துகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டியவரும் அவரே. மறுநாள் மஸ்கட்டில் போர்த்துகீசியக் கோட்டைகளைப் பார்க்கும்போது அந்தக் கதையின் மறுபாதி கண்முன் நிற்கும்.

நடந்தே சுற்றலாம் என்று நினைப்பது

வரைபடத்தில் எல்லாம் அருகருகே இருப்பதுபோல் தெரியும். உண்மையில் மஸ்கட் கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. மேற்கே விமான நிலையம், அடுத்துப் பெரிய பள்ளிவாசல், பிறகு குரும் கடற்கரையும் ஓபரா மாளிகையும், கிழக்கே மத்ரா, அதையும் தாண்டிப் பழைய மஸ்கட். விமான நிலையத்திலிருந்து மத்ராவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். விடுதி மலிவாக இருக்கிறது என்று மேற்குக் கோடியில் அறை எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கே போய்விடும். மத்ரா கடற்கரைச் சாலையிலோ அருகிலுள்ள ரூவியிலோ தங்குவது நல்லது. ரூவியில் தென்னிந்திய உணவகங்களும் உண்டு.

ஆரஞ்சும் வெள்ளையும் பூசிய டாக்சிகளில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யுங்கள், அல்லது செயலி வழியாகக் கூப்பிடுங்கள். அரசுப் போக்குவரத்து நிறுவனமான முவாசலாத்தின் சிவப்புப் பேருந்துகளைப் பயணிகள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 2015 முதல் நகருக்குள் ஓடும் இந்தக் குளிரூட்டிய பஸ்களில் ரூவியிலிருந்து மத்ரா வழியாக அல் அலம் அரண்மனைப் பக்கம் வரை போகும் 4ஆம் எண் வண்டி சுற்றுலாவுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. ரசீதில் 1.500 என்றிருந்தால் ஒன்றரை ரியால். ஒரு ரியால் 200 ரூபாய்க்கும் மேல் என்பதால், நூறு பைசாவும் நம் கணக்கில் இருபது ரூபாயைத் தாண்டும்.

மத்ரா சந்தையில் ஏமாறுவது

பிற்பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மத்ரா சந்தைக்குப் போய்ப் பயனில்லை. மாலை ஐந்துக்கு மேல் போங்கள். துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்த நாளில் சந்துகளில் நெரிசல் மிகுதி, சொல்லும் விலையும் கூடுதல்.

அங்கே தொங்கும் பொருள்கள் எல்லாம் ஓமானில் செய்தவை அல்ல. காஷ்மீர்ச் சால்வையும் மொராதாபாத் பித்தளை விளக்கும் நம் ஊரில் பாதி விலைக்குக் கிடைக்கும். அவற்றை மஸ்கட்டில் வாங்கி வருவது வீண் செலவு. வாங்கத் தகுந்தவை வேறு: தெற்கு ஓமானின் தோஃபார் மலைகளிலிருந்து வரும் லுபான், ஓமானிய அல்வா, பேரீச்சை, கையால் தைத்த கும்மா தொப்பி, பழைய வெள்ளி நகை. லுபான் என்பது தேவாலயங்களில் புகைக்கும் குந்திரிக்கமேதான். மரப்பட்டையைக் கீறிவிட்டால் வடிந்து உறையும் பிசின் அது. வெண்மையில் இளம்பச்சை கலந்து, தெளிவாக இருக்கும் ஹோஜாரி வகைக்கே மதிப்பு அதிகம். பழுப்பு நிறத்தில் தூளும் பட்டையும் கலந்திருப்பதை ஹோஜாரி என்று சொல்லி விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஒரு துண்டைக் கரியில் போட்டுக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் குரலை உயர்த்தியோ, பொருளை வீசிவிட்டுப் போவதுபோல் நடித்தோ பேசுவது அங்கே எடுபடாது. சிரித்த முகத்தோடு, கடைசி விலை என்ன என்று கேட்டாலே குறைப்பார்கள். கஞ்சர் என்ற வளைந்த குத்துவாளை வாங்கினால் அதைக் கைப்பையில் வைக்காமல் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

சந்தைக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டி நீலக் குவிமாடப் பள்ளிவாசலும் பழைய வீடுகளும் தெரியும் வாசல் ஒன்று இருக்கிறது. அது லவாத்தியா சமூகத்தாரின் குடியிருப்பு, சுற்றுலா இடம் அல்ல. கதவு திறந்திருக்கிறதே என்று கேமராவோடு நுழைவது அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நுழைவதற்குச் சமம்.

அரண்மனை முன் படமெடுத்துவிட்டுத் திரும்புவது

நீலமும் பொன்னுமாக நிற்கும் அல் அலம் அரண்மனையைச் சுற்றுலாப் பேருந்துகள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வேறு வழியும் இல்லை. இருபுறமும் பாறை மேல் நிற்கும் ஜலாலி, மிரானி கோட்டைகளைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினார்கள்.

ஆனால் அரண்மனைக்கு நேர் எதிரே, 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவதுதான் மஸ்கட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு என்பேன். நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். 14 கூடங்களில் ஒரு நாட்டின் முழு வரலாறும் அடுக்கியிருக்கும்போது அது அதிகமே அல்ல. மெசபடோமியாவுக்குச் செம்பு அனுப்பிய, 'மகான்' (Magan) என்று பெயர் பெற்ற பண்டைய நாடு, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல்கள், இந்துமாக் கடல் முழுக்கப் பரவிய வணிகம் ஆகியவற்றை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். அந்த வணிகத்தில் நமக்கும் பங்கு உண்டு. தெற்கே சலாலாவுக்கு அருகிலுள்ள சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தை இத்தாலிய அகழ்வாளர்கள் தோண்டியபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்தது. லுபான் ஏற்றுமதியான துறையில் ஒரு தமிழன் பெயர்! இதை மனத்தில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் கடல்சார் கூடத்தில் நிற்கும்போது காட்சிப் பொருள்கள் அந்நியமாகத் தெரியாது.

சற்றுத் தள்ளியிருக்கும் பைத் அல் சுபைர், ஒரு குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து வளர்ந்து 1998இல் திறக்கப்பட்டது. கஞ்சர்களையும் பெண்களின் வெள்ளி நகைகளையும் பகுதிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த இடம் இல்லை. சந்தையில் வெள்ளி வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இங்கே வாருங்கள்.

பருவத்தைத் தவறாகக் கணிப்பது

கரீஃப் என்ற மழைப் பருவத்தின் பச்சை மலைகளையும் தூறலையும் காணொளியில் பார்த்துவிட்டு ஜூலையில் மஸ்கட்டுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பச்சை சலாலாவில், சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே. அதே ஜூலையில் மஸ்கட் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே உள்ள குரையாத்தில் 2018 ஜூன் மாதத்தில் ஒரு முழு நாளின் குறைந்தபட்ச வெப்பமே 42.6 பாகையாக இருந்தது. கோடை நண்பகலில் திறந்தவெளி வேலையையே அரசு தடைசெய்யும் நாடு ஓமான். ரியாமிலிருந்து மத்ராவுக்கு மலை வழியே போகும் நடைபாதை மிக அழகானது, ஆனால் அந்த மாதங்களில் அதில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. நவம்பர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். ஓபரா மாளிகையின் நிகழ்ச்சிகளும் குளிர்காலத்தை ஒட்டியே நடக்கின்றன. 2011இல் திறந்த அந்த மாளிகையைப் பகலில் சாதாரண உடையில் சுற்றிப் பார்க்கலாம், நிகழ்ச்சிக்கு ஜீன்ஸோ டீ சர்ட்டோ அணிந்து போனால் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2027இலும் 2028இலும் ரமலான் மாதம் ஜனவரி இறுதிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே, சுற்றுலாப் பருவத்தின் நடுவில் வருகிறது. பகலில் பொது இடத்தில் உண்பதும், தண்ணீர் குடிப்பதும், புகைப்பதும் அப்போது சட்டப்படி குற்றம். உணவகங்களும் பகலில் மூடியிருக்கும், பார்வை நேரங்களும் மாறும். அதற்காகப் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. நோன்பு திறந்த பின் மத்ராவின் இரவுகள் ஆண்டின் மற்ற நாள்களில் காணாத களையோடு இருக்கும். பகலில் ஓய்வு, இரவில் ஊர் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

படமெடுப்பதில் கவனம் தேவை. பெண்களை அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். காவல், ராணுவக் கட்டடங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி கட்டாயம். யாராவது காஹ்வா கொடுத்தால் வலக்கையால் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டுங்கள், இல்லையேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நகருக்கு வெளியே போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தைமானியாத் தீவுகள் 1996 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆமைகள் முட்டையிடும் மே முதல் அக்டோபர் வரை அங்கே கரையிறங்கத் தடை உண்டு. மற்ற மாதங்களில் போவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், உரிமம் பெற்ற படகு நிறுவனங்களே அதை வாங்கித் தருவார்கள். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் வாதி ஷாப் போன்ற பள்ளத்தாக்குகளுக்குப் போகாதீர்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மலையில் எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். வெள்ளம் ஓடும் வாதியை, அதாவது பள்ளத்தாக்கு ஓடையை, காரில் கடக்க முயல்வது ஓமானில் தண்டனைக்குரிய குற்றம்.