விண்டோஸில் பேஷ் மக்கர் செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய பேஷ் ஸ்கிரிப்ட் (யூனிக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) இன்று ஓடவில்லை. உடனே கை எங்கே போகும்? அன்இன்ஸ்டால் பட்டனுக்கு. நானும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவன்தான். ஒரே வாரத்தில் சிக்வினை (விண்டோஸில் பேஷையும் யூனிக்ஸ் கருவிகளையும் ஓடவைக்கும் மென்பொருள்) மூன்று முறை துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றினேன், மூன்று முறையும் அதே பிழை அதே வரியில் வந்து நின்றது. கோளாறு சிக்வினில் இருந்தால்தானே சரியாகும்! வேறு ஏதோ ஒரு மென்பொருள் தன் ஃபோல்டரை பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) வரிசையின் தலைமாட்டில் செருகிவைத்திருந்தது, அதற்குள் அரதப் பழசான கிரெப் (ஃபைலுக்குள் சொல் தேடும் யூனிக்ஸ் கருவி) ஒன்றும் அதற்குத் துணையாகப் பழைய ‘சிக்வின்1.டிஎல்எல்’ ஒன்றும் குடியிருந்தன. என் ஸ்கிரிப்ட் கூப்பிட்ட கிரெப் அதுதான்.

மறுபடி இன்ஸ்டால் செய்வதால் பாத் மாறாது. என்விரான்மென்ட் வேரியபிள்கள் (புரோகிராம்கள் படித்துக்கொள்ளும் பொது அமைப்புகள்) மாறாது. கிட் பேஷ் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியோடு வருகிற பேஷ்) என்றால் உங்கள் யூசர் ஃபோல்டரில் கிடக்கிற, பேஷ் தொடங்கும்போது படிக்கும் ‘.பேஷ்ஆர்சி’யும் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆக, அரை நாள் போனது போனதுதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் கூப்பிட்டபோது ஓடி வந்தது யார்? ஒரு சாதாரண டெவலப்பரின் கணினியில் இன்று மூன்று நான்கு பேஷ் இருக்கும். சிக்வின் 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கியது, யூனிக்ஸ் அழைப்புகளை ஒரு டிஎல்எல் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) வழியாக விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிறது. எம்சிஸ்2 அதிலிருந்து பிரிந்த கிளை. கிட் பேஷ் அந்த எம்சிஸ்2இன் சின்ன மூட்டை. 2016இல் வந்த டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வேறு ஜாதி, அதன் இரண்டாம் பதிப்பில் ஓடுவது நிஜமான லினக்ஸ் கெர்னல். நான்கிலும் டாலர் குறி ஒரே மாதிரி மினுக்குவதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். டபிள்யூஎஸ்எல் ஏற்றிய கணினியில் ‘சிஸ்டம்32’ ஃபோல்டருக்குள்ளும் ஒரு ‘பேஷ்.இஎக்ஸ்இ’ உண்டு, அது உங்களை நேராக லினக்ஸுக்குள் கொண்டுபோய் விடும். டாஸ்க் ஷெட்யூலரில் வெறுமனே ‘பேஷ்’ என்று எழுதி வைத்துவிட்டு, ‘சி:’ டிரைவில் இருக்கிற ஃபைலை ஏன் காணோம் என்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர் இந்த ஆளிடம்தான் மாட்டியிருப்பார்கள், ஏனென்றால் அங்கே சி டிரைவின் பெயர் ‘/எம்என்டி/சி’.

ஃபைண்ட் கதை இதைவிடப் பழையது. டாஸ் காலத்திலிருந்தே விண்டோஸுக்குச் சொந்தமாக ஒரு ஃபைண்ட் உண்டு, அது ஃபைல் தேடாது, ஃபைலுக்குள் இருக்கிற சொல்லைத் தேடும். நீங்கள் யூனிக்ஸ் பாணியில் ‘-நேம்’ என்று கொடுத்தால், ‘பாராமீட்டர் ஃபார்மட் நாட் கரெக்ட்’ என்று கடுகடுக்கும். அந்தப் பிழைச் செய்தியின் தொடக்கத்தில் ஃபைண்ட் என்ற பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், பேசுவது விண்டோஸ்காரர். ஃபைண்டாவது கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். விண்டோஸின் சார்ட் வாயே திறக்காமல் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமல் அடுக்கிவைத்துவிட்டுப் போய்விடும், தப்பு நான்கு படி தள்ளி வேறெங்கோ தெரியும். விண்டோஸ் 10இல் இருந்து, ஃபைல்களை மூட்டை கட்டும் டாரும் இணையத்திலிருந்து இறக்கும் கர்லும்கூட விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. சிக்வினிலும் கிட் பேஷிலும் இருக்கிற க்னூ டாரிடம் ‘சி:’ என்று தொடங்கும் பெயரைக் கொடுத்தால், முக்காற்புள்ளியைப் பார்த்துவிட்டு ‘சி’ என்பது தூரத்தில் இருக்கும் ஏதோ சர்வர் என்று நினைத்து அதோடு இணையப் பார்க்கும்! அதே கட்டளையை விண்டோஸின் டாரிடம் கொடுத்தால் வேலை நடக்கும். அதனால்தான் ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற சண்டை.

பேஷுக்குள் இருந்தால் ‘டைப் -ஏ ஃபைண்ட்’ என்று கேளுங்கள், எத்தனை ஃபைண்ட் இருக்கின்றன, எது முதலில் நிற்கிறது என்று வரிசையாகச் சொல்லும். கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த வேலைக்கு ‘வேர்’ இருக்கிறது. பவர்ஷெல்லில் மட்டும் ‘வேர்.இஎக்ஸ்இ’ என்று முழுசாக அடிக்க வேண்டும், அங்கே வெறும் ‘வேர்’ வேறொரு கட்டளையின் செல்லப்பெயர். இதைத் தெரிந்துகொள்ளாமல், பதிலே வரவில்லை, அப்படியானால் ஃபைண்டே இல்லை போல என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

சரி, வரிசைதானே பிரச்சினை, சிக்வினின் கட்டளைகள் இருக்கிற ‘பின்’ என்ற ஃபோல்டரை சிஸ்டம் பாத்தின் முதலில் வைத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கணினியில் இருக்கிற ஏதாவது பேட்ச் ஃபைல் (விண்டோஸ் கட்டளைகள் எழுதிய ‘.பேட்’ ஃபைல்) விண்டோஸின் ஃபைண்டையும் சார்ட்டையும் நம்பி எழுதப்பட்டிருக்கும், அது உடையும். அந்தந்த டெர்மினலுக்குள் மட்டும் அந்தந்த வரிசை இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

என்னைக் கேட்டால், இந்த உலகத்தில் வீணாகும் நேரத்தில் பாதியைத் தின்பது வரி முடிவுதான். பழைய டெலிபிரிண்டரில் வரி முடிந்ததும் தலைப்பகுதியை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறி, தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறி. விண்டோஸ் இரண்டையும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது (13, 10 என்ற இரு எண்கள்), யூனிக்ஸ் பத்தை மட்டும் வைத்துக்கொண்டது. நோட்பேடுக்கே யூனிக்ஸ் வரிகளை ஒழுங்காகக் காட்டத் தெரிந்தது 2018இல்தான்.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘#!/பின்/பேஷ்’ என்று இருக்கிறது, அதன் வாலில் அந்த 13ஆம் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அப்போது தேடப்படுவது ‘பேஷ்’ அல்ல, பேஷும் அந்த வாலும் சேர்ந்த ஒரு பெயர். அப்படி ஒரு புரோகிராம் எங்கேயும் கிடையாது. ‘நோ சச் ஃபைல்’ என்று வருகிறது. நாமோ ஃபைல் கண்ணெதிரே இருக்கிறதே என்று லிஸ்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டாக்கர் (புரோகிராமைத் தனிப் பெட்டியான கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) இமேஜுக்குள், தொடக்கத்தில் ஓடும் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் வைத்தவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். அதோடு சில சமயம் பிழைச் செய்தியே பாதி அழிந்து வரும், காரணம் அந்த 13 கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவிடுவதால் பின்னால் வரும் எழுத்து முன்னால் வந்ததன் மேலேயே எழுதிவிடுகிறது. அரைகுறையாக, தலை வெட்டுப்பட்ட மாதிரி பிழைச் செய்தி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ‘கேட் -ஏ’ போட்டுப் பாருங்கள் (இங்கே பெரிய ஏ, முன்னே டைப்போடு சொன்னது சின்ன ஏ). வரி முடிவில் டாலர் மட்டும் இருந்தால் நல்லது, டாலருக்கு முன் ‘^எம்’ இருந்தால் ஆள் பிடிபட்டான்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் செய்யும் அடுத்த தவறு இன்னும் மோசம். எழுத்தைத் தேடி மாற்றும் செட் (எஸ்இடி) கட்டளையை எடுத்து ஃபோல்டர் முழுக்க ஓட்டி எல்லா 13களையும் நீக்கிவிடுவது. படங்கள், ஜிப் ஃபைல்கள், மறைந்திருக்கும் கிட்டின் சொந்த ஃபோல்டர் எல்லாம் அதில் சேதாரமாகும். வரி முடிவை மட்டும் மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் கொஞ்சம் விவரமானது, பைனரி ஃபைலைத் தானாகவே ஒதுக்கிவிடும். ஆனால் பேட்ச் ஃபைல்களுக்கு விண்டோஸ் வரி முடிவே இருக்கட்டும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ரெப்போவில் (கிட் கவனிக்கும் புராஜெக்ட் ஃபோல்டரில்) ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ என்ற ஃபைல் வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (அந்த 10ஆம் எண்) மட்டும்தான் என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் வரி முடிவைத் தானாக மாற்றும் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்ற கிட் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று: விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் 5.1இல் ‘>’ போட்டு ஃபைலில் சேமித்தால் அது யூடிஎஃப்-16ஆகப் (எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறை) போய் உட்காரும். செய்த மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப்பை அப்படிச் சேமித்து, ஒட்டுப்போடும் பேட்ச்சாக (இது பேட்ச் ஃபைல் அல்ல) இன்னொருவருக்கு அனுப்பினால் அங்கே ஒட்டாது. கிரெப் அதை பைனரி ஃபைல் என்று சொல்லி ஒதுக்கும். பவர்ஷெல் 7இல் யூடிஎஃப்-8 ஆகிவிட்டது.

கேட்காமலே உதவி செய்யும் கிட் பேஷ்

எம்சிஸ்2க்கும் கிட் பேஷுக்கும் ஒரு பழக்கம் உண்டு. விண்டோஸ் புரோகிராமுக்குப் போகிற ஆர்க்யுமென்ட் சாய்கோட்டில் தொடங்கினால், அது யூனிக்ஸ் பாத் (இங்கே பாத் என்பது ஒரு ஃபைலின் முகவரி) என்று நினைத்து விண்டோஸ் பாத்தாக மாற்றிவிடும். பாதி நேரம் இது வரம். மீதி நேரம்? ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் பாதுகாப்புச் சான்றிதழ் உருவாக்க ‘/சி=ஐஎன்’ என்று நாட்டின் பெயர் கொடுத்தால், அது ‘சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/சி=ஐஎன்’ என்று போய்ச் சேர்ந்திருக்கும். டாக்கரில் கன்டெய்னருக்கு உள்ளே இருக்கும் பாத்தைக் கொடுத்தாலும் இதே கூத்து. ‘எம்சிஸ்_நோ_பாத்கான்வ்=1’ என்பதை அந்த ஒரு கட்டளையின் முன்னால் மட்டும் வையுங்கள், அல்லது முதல் சாய்கோட்டை இரண்டாகப் போடுங்கள். கடுப்பில் அதை ‘.பேஷ்ஆர்சி’யில் நிரந்தரமாக எழுதிவிட்டால், மாற்றம் தேவைப்படுகிற நூறு இடங்கள் அமைதியாக உடையத் தொடங்கும். சிக்வின் இப்படி எதையும் மாற்றாது, அங்கே நீங்களே ‘சிக்பாத்’ வைத்து மாற்றிக்கொடுக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குப் போட்டால் பலிக்காததற்கு இது நல்ல உதாரணம்.

ஒரு தடவை ஓடுகிறது, இன்னொரு தடவை ‘ஃபோர்க்’ பற்றி ஏதோ சொல்லிவிட்டு விழுகிறது என்றால் அது வேறு வியாதி. யூனிக்ஸில் ஒரு புரோகிராம் தன்னையே நகலெடுத்துக்கொள்வது ஃபோர்க். விண்டோஸில் அதற்கு நேரான ஒன்று இல்லாததால், புதிதாக ஒரு புராசஸைத் தொடங்கி, பழையதன் நினைவகத்தை அதில் கொட்டி, டிஎல்எல்கள் எல்லாம் அதே முகவரியில் வந்து உட்கார வேண்டும் என்று சிக்வின் எதிர்பார்க்கிறது. நடுவில் ஆன்டிவைரஸ் தன் டிஎல்எல்லையும் உள்ளே நுழைத்தால் இடம் மாறிப்போகும். ஆன்டிவைரஸையே அணைத்துவிடுவது தீர்வல்ல, சிக்வின் ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் எல்லா சிக்வின் ஜன்னல்களையும் சர்வீஸ்களையும் மூடிவிட்டு, டிஎல்எல்களுக்கு முகவரியைப் புதிதாக ஒதுக்கும் ‘ரீபேஸ்ஆல்’ ஓட்ட வேண்டும். அப்டேட் செய்யும்போதும் இப்படி மூடியாக வேண்டும். பின்னணியில் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் வழி) சர்வர் ஓடுவதை மறந்துவிட்டு அப்டேட் போட்டால் பாதி புதிது, பாதி பழையது என்று ஒரு கதம்பம் கிடைக்கும். மென்பொருளைக் கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் ஆமை வேகத்தில் நகர்வதற்கும் இந்த ஃபோர்க்தான் முக்கியக் காரணம், அதற்கு மருந்து ஒன்றும் இல்லை, டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டபிள்யூஎஸ்எல்2 மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் கேட்பது, புராஜெக்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். ‘/எம்என்டி/சி’யில் வைத்திருந்தால் ஒவ்வொரு ஃபைலும் எல்லை தாண்டிப் போய்வர வேண்டும், ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் உள்ள நோட்.ஜேஎஸ் புராஜெக்டுகளுக்கு அது நரகம். லினக்ஸ் ஹோமுக்குள் வையுங்கள். எஸ்எஸ்எச் சாவியையும் அங்கே வைப்பதே நல்லது. விண்டோஸ் பக்கம் இருந்தால் எல்லோருக்கும் எல்லா உரிமையும் உள்ளதாகக் காட்டும், எஸ்எஸ்எச் அதைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும், நீங்கள் எத்தனை சிஎச்மாட் (உரிமையை மாற்றும் கட்டளை) போட்டாலும் டபிள்யூஎஸ்எல்லின் மெட்டாடேட்டா அமைப்பைத் தொடாதவரை ஒட்டாது.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட் ஸ்டேட்டஸில் ‘அ’ என்ற எழுத்து ‘\340\256\205’ என்று எண்களாக வந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறிப் பெயரை மாற்றவேண்டாம். அது அந்த எழுத்தின் மூன்று பைட்டுகள், கிட் அப்படிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘கோர்.கோட்பாத்’ என்ற கிட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகத் தெரியும்.

எதுவும் சரிவராமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், ‘பேஷ் வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள், எந்த பேஷ் என்று முதலில் சொல்லுங்கள். திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே நகலெடுங்கள். கடைசிப் பிழையைவிட முதல் பிழைதான் முக்கியம். சிக்வின்காரர்கள் தங்கள் சிக்வினின் நிலவரத்தைச் சொல்லும் ‘சிக்செக்’கை எஸ், வி, ஆர் மூன்று குறிகளும் சேர்த்து ஓட்டி வருவதை இணைக்கலாம், ஆனால் அதில் உங்கள் யூசர் பெயர், அலுவலக நெட்வொர்க் டிரைவ்கள், என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்திருக்கும் டோக்கன்கள் (ரகசியச் சாவிகள்) எல்லாம் வரலாம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை மேலிருந்து கீழே படித்து அவற்றை அழித்துவிடுங்கள்.